எறும்பு தூங்குகிற கை

"கடிக்குதா?"

"கடிக்கும்மா."

"இங்க?"

"இங்கயும் கடிக்கு. சுவருக்குள்ள கம்பி ஓடுதுல்லா, கடிக்காம என்ன செய்யும்?"

பிரம்மசக்தி வலது கையை விரித்து, சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்தாள். அவளுடைய அம்மா சண்முகவடிவு பின்னாலேயே போனாள். மகளின் கை நின்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் மின்கம்பி இருந்தது. வீடு கட்டி இத்தனை காலம் ஆகியும், எந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று வடிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வயர் இழுத்தவன் நேராப் போகாம சன்னலைச் சுத்திப் போயிருக்கான் பாரு. கம்பி அவன் மாமனார் வீட்டுச் சீதனம் போல."

"வலிக்காதாட்டி?"

"வலியெல்லாம் இல்ல. தள்ளி இருந்தா எறும்பு ஊருற மாதிரி இருக்கும். கிட்டப் போனா நறுக்குன்னு ஒண்ணு."

அதனால்தான் அதற்கு எறும்பு என்று பெயர். மின்சாரக் கம்பெனி வைத்த பெயர் வேறு, வாயில் நுழையாது, யாரும் சொல்வதுமில்லை. அரிசிக் குருணை அளவில் ஒரு துணுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில், தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதன் பிறகு கம்பியைத் தொட வேண்டாம், மேல் உறையைச் சீவ வேண்டாம். கையைக் கிட்டே கொண்டுபோனால் போதும். மின்சாரம் இருந்தால் எறும்பு கடிக்கும். இல்லையென்றால் தூங்கும்.

பெரும்புயலுக்குப் பிறகு தூத்துக்குடியில் மின்கம்பம் என்று ஒன்று கிடையாது. கம்பிகளெல்லாம் தரைக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் போய்விட்டன. ஒரு குழியைத் திறந்தால் ஒன்றுபோல் கறுப்பாகக் கேபிள்கள் படுத்துக் கிடக்கும். எதில் உயிர் இருக்கிறது, எது செத்தது என்று பார்வையால் சொல்ல முடியாது. எறும்பு சொல்லும்.

வடிவுக்கு இதெல்லாம் மனப்பாடம். கம்பெனியின் பாதுகாப்புக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுவதுதான் அவளுக்கு வேலை. "மூடி போட்ட சட்டிக்குள்ள மீன்குழம்பு கொதிச்சா வாசனை வெளிய வருதுல்லா, அதே மாதிரிதான். உறைக்குள்ள கரண்ட் இருந்தா அதோட வாசம் வெளிய கசியும். நம்ம மூக்குக்குத் தெரியாது, எறும்புக்குத் தெரியும்" என்று ஆரம்பிப்பாள். சிரிப்பார்கள். பிறகு குரலை இறக்கி, "என் வீட்டுக்காரர் பலவேசம் கையில எறும்பு இல்ல. இருந்திருந்தா இன்னைக்கு இங்க உங்க நடுவுல உட்கார்ந்து என்னையக் கேலி பண்ணிக்கிட்டிருப்பார்" என்பாள். அரங்கம் அமைதியாகிவிடும். பயந்து தயங்கியவர்கள்கூட அதன் பிறகு கையை நீட்டுவார்கள். ஆறு வருஷமாக இப்படித்தான். முதல் பேச்சை எழுதிக் கொடுத்தது அவளுடைய தம்பி குருநாதன். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இன்ஜினியர். ஊரிலுள்ள எல்லா எறும்புகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவன்.

"எங்க செட்டுலயே என் எறும்புக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்றாள், கம்பெனியில் லைன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பிரம்மசக்தி. "நேத்து ட்ரெய்னிங்ல ஒரு கேபிள். எல்லாருக்கும் தூங்குது, எனக்கு மட்டும் கடிக்கு. 'உனக்கு வச்சது கட்டெறும்பா பிள்ள'ன்னு ஜெபசீலி ஒரே கேலி. வாத்தியார் வந்து, அது பேய்க்கடின்னுட்டார்."

"அதென்ன பேய்க்கடி?"

"செத்த கம்பி பக்கத்துல உயிருள்ள கம்பி ஓடுச்சுன்னா, அதோட வாசம் இதுலயும் லேசா ஒட்டிக்கும். எறும்பு அதையும் கடிச்சிரும். உப்புக்காத்து அடிக்கிற ஊருல பேய் அதிகமாம். ஏம்மா, பிளாஸ்திரி நனைஞ்சு அரிக்குது. அவுத்துரவா?"

"கொண்டா, நான் எடுக்கேன்."

வடிவு மகளின் கையை மடியில் வைத்து மெதுவாக உரித்தாள். தையல் ஆறியிருந்தது. இளஞ்சிவப்பில், சின்னப் பிறையாக வளைந்த தழும்பு.

அதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் எறும்பு வைத்துக்கொண்டவள் இல்லை, பேசுகிறவள்தான். கையை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாளே தவிர, கட்டு அவிழ்ந்த பிறகு யாருடைய கையையும் அவள் மடியில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் பலவேசத்தின் கையில், இதே இடத்தில், கடைசி மாதம் ஒரு பிளாஸ்திரி இருந்தது. கேட்டதற்கு, "பாறைமீன் முள்ளு குத்திட்டுடி" என்றார். வாய்க்கரிசி போடும்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது பிளாஸ்திரி இல்லை. இந்தப் பிறைதான் இருந்தது. மின்சாரம் உள்ளே நுழைந்த வாசல் இதுதான் போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, கையை விடு. நசுக்குத."

"ஒண்ணுமில்ல" என்றாள் வடிவு. "நல்லா ஆறியிருக்கு."

*

சேர்மக்கனி முத்தையாபுரம் பக்கத்தில் ஓர் உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தான். பலவேசத்தோடு ஜோடியாக லைன் வேலை பார்த்தவன். லைன்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் கை கம்பியில் படப்போகிறதோ, அந்தத் தெருவின் ஃபியூஸ் கட்டை அவர் பையில்தான் இருக்க வேண்டும். ஜோடியாள் போய்ப் பெட்டியிலிருந்து கட்டையைப் பிடுங்கிக் கொண்டுவந்து கையில் கொடுப்பான். கொடுத்த பிறகுதான் வேலை. சோற்றுப் பையோடு கட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, தெருக்காரர்களிடம் பலவேசம் திட்டு வாங்கிய நாளும் உண்டு.

அன்றைக்குச் சேர்மக்கனி கட்டையைப் பிடுங்கவில்லை என்றுதான் கம்பெனி சொன்னது. வேலையை விட்டும் எடுத்தது. சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், "உன் கை விளங்குமாடா" என்று வடிவு மண்ணை வாரித் தூற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்குப் பிறகு கடைத்தெருவில் எதிரே வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அவள் வெயிலில் வரப்பு வழியாக நடந்து வருவதைப் பார்த்து, அவன் மோட்டார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். வாங்க என்று சொல்லவில்லை.

"மைனி."

"ஒண்ணு கேக்கணும்."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"அவிய கையில எறும்பு இருந்துச்சா?"

சேர்மக்கனி அவளையே பார்த்தான். பிறகு மூக்கால் சிரித்தான். "என்ன மைனி வெளையாடுதிய."

"வெளையாடுற மூஞ்சியோடயா நான் இந்த வெயில்ல வந்திருக்கேன்?"

அவன் சிரிப்பு நின்றது. "நெசமாவே தெரியாதா உங்களுக்கு?"

"சொல்லு."

"முதமுதல்ல வச்சதே அண்ணாச்சி கையிலதான். சோதனை, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். 'ஏலே, மச்சினன் ஆசையாக் கேக்கான், மாட்டேன்னா அவன் மூஞ்சி வாடிரும்லா'ன்னார்."

"அன்னைக்கு நீ கட்டையப் பிடுங்கினியா இல்லையா?"

"பிடுங்கப் போனேன். பெட்டியத் திறக்கும்போது உங்க தம்பி ஃபோன்ல வந்தார். 'பிடுங்க வேண்டாம், அதத்தான் சோதிக்கோம். எறும்பு என்ன சொல்லுதுன்னு மட்டும் பாருங்க'ன்னார். வந்து அண்ணாச்சிகிட்ட சொன்னேன். சரிடேன்னு ஏணியில ஏறி நின்னு, சுவரு உச்சியில போற கேபிள்கிட்ட கையைக் கொண்டுபோனார். என்னையத் திரும்பிப் பாத்து, 'தூங்குதுடே'ன்னார். கடைசியாப் பேசினது அதுதான்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல? என் வாசலுக்கு வந்து கத்தியிருக்க வேண்டாமா நீ?"

"வரத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க மேடையில ஏறிட்டியளே. 'என் வீட்டுக்காரர் கையில எறும்பு இல்ல'ன்னு நீங்களே மைக்குல சொல்லுதிய. நான் கூட்டத்துல பின்னால நின்னு கேட்டேன். சரி, மைனிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, கம்பெனியோட பேசி முடிச்சிட்டாங்கன்னு நெனைச்சேன்."

"என்னையவா?"

"புருஷன் போயாச்சு, பொம்பளப்பிள்ளையப் படிக்க வைக்கணும், அவங்க வேற என்ன செய்வாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்கள மன்னிச்சுக்கூட விட்டுட்டேன் மைனி."

வடிவு கொட்டகை நிழலுக்குள் போய் நின்றாள். இவனை மன்னிக்கவே கூடாது என்று அவள் ஆறு வருஷம் கட்டிக்காத்து வந்திருக்கிறாள். அந்த ஆறு வருஷமும் இவன் அவளை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"தண்ணி குடிக்கியளா?" என்றான் சேர்மக்கனி.

"வேண்டாம்" என்றாள். பிறகு, "கொடு" என்றாள்.

*

குருநாதன் மறுநாள் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"வாக்கா. நாளைக்குப் பேச்சுக்குத் தயாரா?"

"அத்தான் கையில எறும்பு வச்சியா குரு?"

அவன் கை அப்படியே நின்றது. சட்டையிலிருந்து கருகிய வாசனை வந்தது. வடிவுதான் இஸ்திரிப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"யார் சொன்னா? சேர்மக்கனியா?"

"பிரம்மு கை சொல்லிச்சு. அவன்ட்ட அப்புறம்தான் கேட்டேன்."

"உட்காருக்கா."

"நின்னே கேக்கேன்."

குருநாதன் உட்கார்ந்தான். கருகிய இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எறும்பு கடிக்கணும்னா நம்ம உடம்பு கம்பிக்கும் தரைக்கும் நடுவுல பாலமா இருக்கணும். கால் தரையில இருந்தா நல்லா உறைக்கும். ஃபைபர் ஏணியில ஏறி நின்னா பாலத்துல பாதி இல்லாத மாதிரி. கடி லேசாயிரும். பேய்க்கடியும் லேசுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அப்ப எங்களுக்குத் தெரியல. சும்மா சும்மா கடிக்குன்னு வேலை நின்னுக்கிட்டே இருந்துச்சு. மேல இருந்து ஒரே சத்தம். அதனால, லேசான கடி எதுவும் தெரிய வேண்டாம்னு, எறும்பு கடிக்க ஆரம்பிக்கிற அளவை நான் ஏத்தினேன்."

"எப்ப?"

"அன்னைக்குக் காலையில."

"அத்தான்ட்ட சொன்னியா?"

"சொல்ல என்னக்கா இருக்குன்னு நெனைச்சேன். தரையில நின்னு வேலை பாக்கப் போறார்னுதான் எனக்குத் தெரியும். ஏணின்னு எனக்கு யாரும் சொல்லல." அவன் நிமிரவில்லை. "ஏணியில நின்னதால எறும்புக்குத் தரை தெரியல. உறையச் சீவிட்டு உள்கம்பியப் பிடிக்கும்போது முழங்கை இரும்புச் சட்டத்துல பட்டிருக்கு. கரண்ட்டுக்குத் தரை தெரிஞ்சிட்டு."

"பழியச் சேர்மக்கனி தலையில போட்டது?"

"அது கம்பெனி போட்டது."

"நீ பாத்துக்கிட்டு இருந்த. சரி. என்னைய மேடையில ஏத்தினது?"

"அது நான்தான். நீ மூலையில சுருண்டு கிடந்த. சாப்பிடல, பிள்ளையப் பாக்கல. எதையாவது பிடிச்சு எந்திரிச்சு வரட்டும்னுதான்... உன் பேச்சக் கேட்டு எத்தனை பேரு கையை நீட்டினாங்க. அது நல்லதுதானேக்கா?"

"நல்லதுதான். அவிய எப்படிச் செத்தாவன்னு என் வாயாலேயே பொய் சொல்ல வச்சு நல்லது பண்ணியிருக்க."

குருநாதன் சட்டையைப் புரட்டிப் போட்டான்.

"அப்புறம் அதைச் சரி பண்ணியாச்சா?"

"அத்தான் போன அன்னைக்கே அளவை இறக்கிட்டேன். சத்தியமா. ஆனா இந்த ஊர்க் காத்துக்குப் பேய்க்கடி அடங்கல. ஒவ்வொரு கடிக்கும் ஓடிப்போய்க் கட்டையப் பிடுங்குதாங்க. கட்டையப் பிடுங்கினா ஒரு தெருவே இருட்டு. ஐஸ் கம்பெனியில மீன் அழுகுது, ஆஸ்பத்திரியில இருந்து கத்துதாங்க..."

"மறுபடி ஏத்திட்ட."

"நான் மட்டும் முடிவு பண்றதில்லக்கா."

"எதுவரைக்கும்? அவிய செத்தாவளே, அந்த அளவுக்கா?"

குருநாதன் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அது இன்னும் பிளக்கில் இருந்தது.

"ஏத்தியும் ஏன் யாரும் சாகலன்னா, பழைய ஆளுங்க இன்னும் கட்டையப் பிடுங்கிப் பையில போட்டுக்கிடுதாங்க" என்றாள் வடிவு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கூட்டிப் பார்த்துவிட்டாள். "நாளையில இருந்து அதுவும் கூடாதுன்னு உத்தரவு. அதைச் சொல்லத்தான் கூட்டம். சொல்லப்போறது நான்."

"அக்கா, பிரம்முவ நெனைச்சு நீ பயப்படாத." அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "அவ எறும்ப மட்டும் நான் இறக்கியே வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது. ஏணியில நின்னாலும் கடிக்கும், பேய்க்கும் கடிக்கும், எல்லாத்துக்கும் கடிக்கும். அவளுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன். அத்தானுக்கு நான் செஞ்சதுக்கு இதாவது..."

அக்கா முகம் இளகும் என்று அவன் காத்திருந்தான்.

வடிவுக்கு அதுவரை உள்ளே ஒரு நூல் இருந்தது. பாவி தெரியாமல் செய்துவிட்டான், பயந்து மறைத்துவிட்டான் என்கிற நூல். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அந்த நூலை அவனே தன் கையால் அறுத்துப் போட்டுவிட்டு, நல்லது செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"என்னது?"

"மத்த பிள்ளைகளுக்கு என்ன ஆகும்னு."

அவள் வாசலுக்கு வந்தபோது அவன் பின்னாலேயே வந்தான். "அக்கா, நாளைக்கு ஏதாவது ஏறுக்குமாறாப் பேசிராத. என் வேலை போனாப் போகுது. எறும்பே வேண்டாம்னு எல்லாரும் தூக்கிப் போட்டுருவாங்க. அது இல்லாம எத்தனை பேரு சாவாங்கன்னு யோசிச்சுப் பாரு."

"யோசிக்கேன்" என்றாள்.

*

"மாமா வீட்டுக்கா போயிட்டு வார? என்ன சொன்னார்?"

பிரம்மசக்தி புதுச் சீருடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுப் பையில் அவள் பெயர் தைத்திருந்தது.

வடிவு சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவள் இந்த நிமிஷமே மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கத்துவாள். அவன் அங்கே ஒரு விரலை அசைத்தால் இங்கே இவள் கையில் எறும்பு தூங்கிவிடும். இல்லையென்றால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் விழித்துக்கொள்ளும், கூட்டம் முடிந்ததும் மறுபடி தூங்கும். பிறகு எதைக் காட்டி யாரை நம்ப வைப்பது?

"உன் எறும்பு நல்ல எறும்பாம்" என்றாள்.

"நான்தான் சொன்னேன்லா. ஜெபசீலிகிட்ட நாளைக்குச் சொல்லுதேன் இரு."

*

பயிற்சிக்கூட அரங்கில் பழையவர்களும் புதியவர்களுமாக நிறைந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியிருந்தது. அதைக் கட்டக் கொண்டுவந்த ஃபைபர் ஏணி இன்னும் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதற்கு மேலே, விட்டத்தை ஒட்டி, விசிறிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகிற கறுப்புக் கேபிள் ஓடியது. குருநாதன் கருகாத வேறொரு சட்டையில் முன்வரிசையில் இருந்தான். பிரம்மசக்தி தோழிகளோடு நடுவில்.

வடிவு மைக்கைப் பிடித்தாள்.

"நான் என்ன பேசுவேன்னு பழைய ஆளுகளுக்கு வரிக்கு வரி தெரியும். மீன்குழம்புன்னு ஆரம்பிப்பேன், கடைசியில அழ வைப்பேன். இன்னைக்குப் பேச்சு கிடையாது. ஒரு வேடிக்கை காட்டுதேன். தம்பி, நீ வந்து இந்த ஏணியப் பிடி."

குருநாதன் எழுந்திருக்கவில்லை.

"இன்ஜினியர் சார் ஏணி பிடிக்க மாட்டாரோ?" என்றது ஒரு குரல். சிரிப்பு. மேலதிகாரிகளும் சிரித்தார்கள். அவன் வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான். "அக்கா, வேண்டாம்" என்று உதடு மட்டும் அசைந்தது.

"புதுசா வந்தவங்கள்ல ஒருத்தர் ஏறுங்க. அந்தக் கறுப்புக் கேபிளைத் தொட வேண்டாம், கையைக் கிட்ட மட்டும் கொண்டுபோங்க."

வாட்டசாட்டமான ஒரு பையன் ஏறினான். கையை நீட்டினான். இன்னும் நீட்டினான்.

"தூங்குதுக்கா."

"ஃபேன் ஓடுதுலே, மேல பாரு" என்று யாரோ கத்த, அரங்கமே சிரித்தது.

"அடுத்த ஆளு."

ஜெபசீலி ஏறினாள். விரல் நுனி உறையில் படுகிற அளவுக்குக் கொண்டுபோனாள். மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "எனக்கும் தூங்குது" என்றாள். இப்போது சிரிப்பு பாதியாகிவிட்டது. நரைமீசை வைத்த லைன்காரர் ஒருவர் தானாகவே எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். தரையில் வெறுங்காலோடு நின்று, மைக்செட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகிற வயருக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனார். "கீழ நின்னாக் கடிக்கு" என்றார், பொதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

"பிரம்மு, நீ ஏறு."

மகள் உற்சாகமாக வந்தாள். தன் கட்டெறும்பைக் காட்ட ஒரு மேடை கிடைத்த சந்தோஷம். மடமடவென்று ஏறி, கையைத் தூக்குமுன்பே திரும்பிச் சொன்னாள்: "கடிக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாவே கடிக்கும்மா."

"அது எப்படி அவளுக்கு மட்டும்?" என்றாள் ஜெபசீலி.

வடிவு மைக்கில் சொன்னாள்: "அவ இன்ஜினியரோட அக்கா மக. அவளுக்கு மட்டும் முழிச்சிருக்கட்டும்னு வச்சிருக்கான். உங்க எல்லாருக்கும் தூங்கட்டும்னு வச்சிருக்கான். அங்க ஒரு ரூம்ல உட்கார்ந்து அதைச் செய்ய முடியும். என் வீட்டுக்காரர் கையில எறும்பு இல்லன்னு உங்ககிட்ட நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கே நேத்துத்தான் தெரியும். இருந்துச்சு. இதே மாதிரி ஏணியில நின்னாவ. அது தூங்கிட்டு. கட்டையப் பிடுங்கப் போன சேர்மக்கனியத் தடுத்ததும் இங்க இருந்துதான். எறும்பு வேண்டாம்னு நான் சொல்லல. அதை நம்பிக் கட்டையக் கீழ வச்சிராதிய..."

மைக்கை யாரோ அணைத்தார்கள். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. பழைய ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மேலதிகாரி ஒருவர், கட்டை உத்தரவு இப்போதைக்கு நிறுத்திவைக்கப்படுகிறது என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். நரைமீசைக்காரர் வடிவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஏணியைப் பிடித்த கையைக் குருநாதன் எடுக்கவே இல்லை. மேலே பிரம்மசக்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் முதலில் மாமாவைப் பார்த்தாள். பிறகு தோழிகளைப் பார்த்தாள். அவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். கடைசியாகத்தான் அம்மாவைப் பார்த்தாள். அவள் இறங்கி வந்தபோது ஜெபசீலி தன் பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

*

பேருந்து நிறுத்தம்வரை மகள் முன்னால் நடந்தாள். நிழலில்லாத நிறுத்தம். வடிவு பக்கத்தில் போய் நின்றாள்.

"உன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு அவளுக்கு நாளைக்குப் புரிஞ்சிரும் பிள்ள."

"அவளுக்குப் புரியாது. அவ இடத்துல இருந்தா எனக்கும் இப்படித்தான் இருக்கும்."

ஒரு லாரி உப்பு ஏற்றிக்கொண்டு போனது.

"நேத்து மாமா வீட்டுல இருந்து வரும்போதே உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"நான் சட்டைய மடிச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல எறும்பாம்னு சொன்ன."

"சொன்னா நீ உடனே அவனுக்கு ஃபோன் போட்டுருவ, அவன் எல்லாத்தையும் மாத்திருவான்னு பயந்தேன். எத்தனை பிள்ளைக உயிரு. வேற வழி தெரியலட்டி."

"அப்பா போனப்ப மாமாவும் உன்னையப் பத்தி இப்படித்தான் நெனைச்சிருப்பார்."

தூரத்தில் பேருந்து வருவது தெரிந்தது. பிரம்மசக்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, ஏணியில ஏறுன்னு கேட்டிருந்தா..." வடிவு மகளின் பை வாரைப் பிடித்தாள். "நீ ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன்" என்றாள் மகள். "அதாம்மா."